இளவு உள்ள பிள்ளை

டீம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்தால் கேட்பதெல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான். எப்போது ஆளை மாற்றுவது, எதிராளி வேகமாக ஏறி வரும்போது எப்போது டைம் அவுட் எடுப்பது. அதையெல்லாம் கோர்ட்டோரம் நின்று, நாலு தோல்வி கண்டால் தானே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பிள்ளையைப் பாதுகாக்க என்று சொல்லி நம் கையில் ஒரு விதி தருவார்கள். அதே விதி அந்தப் பிள்ளையை ஓரிடத்தில் உட்காரவிடாமல் விரட்டும். அப்படி விரட்டப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும். விரட்டிய இடத்தில் நானும் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேரள எல்லையோரம் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் கம்பெனி, பெண்கள் வாலிபால் டீம் ஒன்றை வைத்திருந்தது. நான் அதற்குக் கோச். முன்பு பாறசாலையில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் என்பதால் எல்லாருக்கும் நான் டீச்சர். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதெல்லாம் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி கையில். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். டீமுக்குப் பந்து வேண்டும், பஸ் வேண்டும் என்றால் மேலிடத்தில் போய்ச் சண்டை போட்டு வாங்கி வருவார். ஆனால் தான் கண்டெடுத்த ஆளை இன்னொரு டீம் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

நாங்கள் ஆடிய லீக்கில் ஒரு விதி. முதல் டீமில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தியை இரண்டாம் டீமுக்கு இறக்கினால், அவள் பெயரை வாலிபால் சங்க ஆபீஸின் பலகையில் மூன்று நாள் ஒட்டிவைப்பார்கள். அந்த மூன்று நாளுக்குள் வேறு எந்த டீம் கேட்டாலும் அவளை விட்டுவிட வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நம் இரண்டாம் டீமில் ஆடலாம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. முதல் டீமில் பத்து ஆட்டம் ஆடி முடிக்கும் வரை அவர்களை இறக்கலாம், ஏற்றலாம், மறுபடி இறக்கலாம். பெயர் பலகைக்குப் போகாது. சின்னப் பிள்ளைகள் அவசரமில்லாமல் ஆட்டம் படிக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் அப்படி வைத்திருந்தார்கள்.

றெஜினா காரோட்டுக்காரி. இடக்கைக்காரி. அப்பா கொத்தனார். அம்மா தங்கபாய்க்கு அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் வேலை. பாறசாலையில் ஒரு பள்ளிப் போட்டியில் அவள் குதித்து அடிப்பதைக் கண்டு நான்தான் கூப்பிட்டேன். சேர்க்கிற அன்று தாயும் மகளும் செக்ரட்டரி அறைக்கு வந்தார்கள். அவர் மலையாளத்தில் விதியை விளக்கிவிட்டு, "ஈ குட்டிக்கு இளவு உண்டு, கேட்டோ" என்றார். மலையாளத்தில் இளவு என்றால் சலுகை. எங்கள் பக்கத்துப் பேச்சில் எளவு என்றால் சாவு வீடு.

தங்கபாய் என் கையைப் பிடித்தாள். "வந்து கேறுன அண்ணைக்கே எனக்க பிள்ளைக்கு எளவு சொல்லுதாரே டீச்சரே, இது என்ன கூத்து?"

நான் விளக்கிச் சொன்னதும் எல்லாருமாகச் சிரித்தோம். செக்ரட்டரி சார்தான் அதிகம் சிரித்தார்.

முதல் டீம் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் உண்டு, கம்பெனியில் ஒரு வேலையும் உண்டு. இரண்டாம் டீமுக்கு வீட்டிலிருந்து வந்துபோக வேண்டியதுதான். வந்த முதல் ஆட்டத்திலேயே றெஜினா நன்றாக ஆடினாள். இரண்டாவதிலும் ஆடினாள். அதன் பிறகு காயம் ஆறிய ஒரு சீனியர் திரும்பி வந்தாள். அவளுக்கு இடம் வேண்டும் என்றால் பன்னிரண்டில் ஒருத்தி வெளியே போக வேண்டும். யாரை இறக்கினாலும் பெயர் பலகைக்குப் போகும், றெஜினாவை இறக்கினால் மட்டும் போகாது. றெஜினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரோட்டுக்குப் போனாள்.

பிறகு ஒருத்திக்குக் கால் சுளுக்கியது, றெஜினா வந்தாள். சுளுக்கு விட்டது, றெஜினா போனாள். ஒருத்திக்கு அக்காள் கல்யாணம், றெஜினா வந்தாள். கல்யாணம் முடிந்தது. இப்படியே. சில வாரம் திங்கட்கிழமை வந்து வியாழக்கிழமை போனதும் உண்டு. ஹாஸ்டல் கட்டிலில் அவள் விரித்த பாயின் மடிப்பு நிமிர்வதற்குள் வார்டன் வந்து மாடிப்படியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பாறசாலைக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி காரோட்டுக்கு இன்னொரு பஸ். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்பார்களாம்: "என்ன பிள்ளே, பின்னையும் எறக்கி விட்டாங்களா?"

அவளைவிட மோசமாக ஆடியவர்கள் எங்கள் டீமில் இருந்தார்கள். அவர்கள் ஒருநாளும் பெட்டி கட்டவில்லை.

ஆட்டங்களின் எண்ணிக்கை பத்தை நெருங்கியதும் செக்ரட்டரி வேறொரு வழி கண்டுபிடித்தார். அவளை டீமில் வைப்பார், கோர்ட்டில் இறக்க விடமாட்டார். இறங்கினால்தானே ஆட்டம் கணக்கில் வரும். பெஞ்சில் இருக்கும் வரை விலக்கு அப்படியே இருக்கும். அடுத்த சீசனும் இஷ்டம்போல் ஏற்றலாம், இறக்கலாம். "டீச்சரே, இப்ப கோர்ட்டில எறக்கினா இளவு தீர்ந்து போகும். நல்ல சாதனம் அல்லியோ, பத்திரமா வச்சிருப்போம்" என்பார். என்னவோ பண்டிகைக்கு எடுத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி.

ஒரு நாள் தங்கபாய் அண்டியாபீஸ் வேலை முடிந்த கையோடு, விரலெல்லாம் கறுத்துப்போய், கிரவுண்டுக்கே வந்துவிட்டாள். நான் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சரே, ஒரு காரியம் கேக்கணும். வேணுமிண்ணா எனக்க மவளை வச்சுக்கிடுங்க. வேண்டாமிண்ணா விட்டிருங்க. மங்களூருல நர்சிங் படிக்க எனக்க தங்கச்சி கூப்பிடுதா. இவ போவ மாட்டேங்குதா. தனக்க கைக்கு பலம் போராதுண்ணு தான் எறக்குதாங்கண்ணு சொல்லீட்டு, சாயங்காலம் முழுக்க அண்டியாபீஸ் மதிலுல பந்தடிச்சு அடிச்சு தோளு வீங்கிக் கெடக்கு. சோறு பிசைய ஒக்கல்ல அவளுக்கு."

எனக்கு அதற்குமேல் கிரவுண்டில் நிற்க முடியவில்லை. விசிலை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டுத் தங்கபாயோடு காரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விதி என்ன என்பதைச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தோம். ஒவ்வொரு தடவையும் தன்னை ஏன் இறக்குகிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது செக்ரட்டரியின் கட்டளை. தன் மதிப்பு தெரிந்தால் பிள்ளை வேறு டீமைத் தேடும் என்பது அவர் கணக்கு. காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் காரணத்தை அவளே உண்டாக்கிக்கொள்வாள். றெஜினா தன் தோளைக் காரணமாக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டு முற்றத்தில் கொத்தனார் பலகை ஒன்றில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ மோசமாக ஆடி இறக்கப்பட்டது ஒரு தடவைகூட இல்லை. உன்னை இறக்கினால் யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியாது, அதனால்தான் இறக்குகிறோம். உன்னைப் பெஞ்சில் வைப்பதும் அதற்குத்தான். உன்னை இழக்கக் கூடாது என்று.

கேட்டதும் அவள் முகம் தெளியும் என்று நினைத்திருந்தேன். தெளியவில்லை. வீங்கிய தோளை மறுகையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அப்பம், நான் நல்லா ஆடுனதுக்காக்கும் என்னைய வீட்டுக்கு விட்டது. இல்லியா டீச்சர்?"

"ஆமா மக்கா."

"கொள்ளாம்" என்றாள், நன்றாயிருக்கிறது என்று. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. செக்ரட்டரி கேட்டபோது தோள் வீக்கம் என்றேன். அது பொய்யில்லை. மங்களூருக்குப் போய்விட்டாள் என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒரு சனிக்கிழமை தானாக வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். பந்தை முன்பைவிட ஓங்கி அடித்தாள்.

அந்த சீசனின் அரையிறுதி அமரவிளையில். ஒருத்திக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டதால் பன்னிரண்டை நிரப்ப றெஜினாவை ஏற்றியிருந்தார்கள். அதுவரை அவள் ஆடியது ஒன்பது ஆட்டம். "உடுப்பு போட்டு இருக்கட்டு. கோர்ட்டில சவிட்டண்டா" என்றார் செக்ரட்டரி. கோர்ட்டில் கால் வைக்கக் கூடாது. அதை அவள் காதுபடவே சொன்னார்.

கிரவுண்டுக்கு வெளியே செக்போஸ்டில் காத்துக் கிடந்த லாரிகளின் ஹாரன் சத்தத்தில் ரெஃப்ரியின் விசில் பல தடவை கேட்கவில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கோட்டுக்கு வெளியே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். முதல் மூன்று செட்டில் இரண்டை எதிராளிகள் எடுத்துவிட்டார்கள். நான்காவதில் நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். அப்போது ஓமனா விழுந்தாள்.

ஓமனா எங்கள் டீமின் மூத்தவள். காஞ்சிரங்குளத்துக்காரி, வீட்டில் மலையாளம். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து ஆடுகிறவள். அவளுடைய முட்டி இரண்டு வருடமாகவே சரியில்லை. பிளாக் செய்யக் குதித்தவள் இறங்கும்போது முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் கிடத்தினோம்.

பெஞ்சில் மிச்சம் இருந்தவர்களில் முன்வரிசையில் நின்று அடிக்கத் தெரிந்தவள் றெஜினா ஒருத்திதான். மற்றவர்கள் பின்னால் நின்று பந்து எடுப்பவர்கள். டைம் அவுட் கேட்டுவிட்டுத் திரும்பினேன். எதிர்ப்பக்கம் நாற்காலியில் இருந்த செக்ரட்டரி எழுந்து நின்று கையை விரித்து ஆட்டினார். வேண்டாம் என்று.

ஓமனா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என் சேலைத் தலைப்பை இழுத்தாள். "அவளெ எறக்கு டீச்சரே. எந்தினா நோக்கி நிக்குந்நது?" என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று. றெஜினாவுக்குப் பன்னிரண்டில் நிலையாக இடம் கொடுத்தால் முதலில் போவது யாருடைய இடம் என்று ஓமனாவுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் சொன்னாள்.

இந்த மாதிரி நேரத்தில் கோச்சுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று வெளியே நிற்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், இது என் ஆட்டம் மட்டும் அல்ல என்பதுதான். நான் றெஜினாவின் முன்னால் குனிந்தேன்.

"மக்கா, கேளு. இப்பம் நீ எறங்குனா உனக்குள்ள விலக்கு தீர்ந்துது. அடுத்த வருசம் ஒன்ன ரெண்டாம் டீமுக்கு எறக்கினா பேரு பலகையில போவும். வேற டீம் எடுத்தாலும் எடுக்கும், ஆரும் எடுக்காம போனாலும் போவும். எறங்கலண்ணா இப்பிடியே வரலாம், போகலாம். நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு."

அவள் செக்ரட்டரி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கினாள்.

"பலகையில போனா போகட்டு டீச்சர். நான் எறங்குதேன்."

நான்காவது செட்டை அவள்தான் எங்களுக்கு எடுத்துத் தந்தாள். இடக்கை அடியை எந்தப் பக்கம் தடுப்பது என்று அவர்கள் தடுமாறிப்போனார்கள். கூட்டம் எழுந்து நின்றது. ஐந்தாவது செட் கடைசி வரை சமமாகவே போயிற்று. அவர்களுக்கு ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் முடியும் என்ற நிலையில் சர்வீஸ் றெஜினாவின் கைக்கு வந்தது. அவள் பந்தைத் தூக்கினாள். அடித்தாள். அது நெட்டில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது.

தோற்றுவிட்டோம்.

செக்ரட்டரி கிரவுண்டைக் கடந்து வந்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இளவும் போயி, களியும் போயி" என்றார். விலக்கும் போயிற்று, ஆட்டமும் போயிற்று.

அடுத்த சீசன் தொடங்கும் முன் அவர் கொல்லத்திலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு நிரம்பியது. றெஜினாவை இறக்கினார். நான் அவர் அறையில் நின்று வாதாடினேன், ராஜினாமா செய்வேன் என்றுகூடச் சொன்னேன். அவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, "அமரவிளையில டீச்சரல்லே கோர்ட்டில எறக்கினது?" என்று மட்டும் கேட்டார்.

பெயர் பலகைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குச் சங்க ஆபீஸுக்குப் போனேன். போனில் கேட்டிருக்கலாம். வீட்டில் இருக்க முடியவில்லை. தலைநகர் டீம் கண்டிப்பாக எடுக்கும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. அவர்களுடைய கோச் அமரவிளை ஆட்டத்துக்கு வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் இருந்தோம். மழை பிடித்தது. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தங்கபாய் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். றெஜினா மட்டும் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் மூடும் நேரம் கிளார்க் வந்து காகிதத்தைக் கிழித்தெடுத்தார். "ஆரும் சோதிச்சில்ல" என்றார். யாரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ் பாலராமபுரம் தாண்டியது. பிறகு தங்கபாய், மகளுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, என் காதருகே வந்து கேட்டாள். "ஆருக்கும் வேண்டாத்த பிள்ளையா டீச்சரே எனக்க மவ?"

அமரவிளைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தது நெட்டில் விழுந்த அந்த ஒரு பந்தைத்தான். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. முன்னிருக்கையில் இருந்த றெஜினா திரும்பிப் பார்த்து, "அம்மோ, சும்மா இரி. மூணு நாளுல ஆரும் கேக்கல்லண்ணா, இனி பாத்துட்டு கேக்கட்டு" என்றாள்.

அந்த வருடம் அவள் இரண்டாம் டீமில்தான் ஆடினாள். ஆனால் ஏற்ற இறக்கம் இல்லை. வீட்டிலிருந்து வருவாள், ஆடுவாள், போவாள். ஒரே இடத்தில் தொடர்ந்து நின்று ஆடினால் ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன். அவளுடைய சர்வீஸ் திருந்தியது. காஞ்சிரங்குளத்தில் நடந்த ஒரு போட்டியில் அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கத் தலைநகர் டீமின் கோச் வந்து, கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சீசன் பாதியில் ஓமனாவின் முட்டி மறுபடி மடங்கியது. செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சரே, அந்தக் குட்டியை ஏத்துவோம். ரெண்டு ஆட்டம். ஓமனா சரியானா பின்ன எறக்கலாம்."

"ஏத்தலாம் சார். எறக்க ஒக்காது."

"அது என்ன?"

"விலக்கு தீர்ந்தாச்சு. எறக்கினா மூணு நாளு பலகை. தலைநகர்க்காரரு இந்தத் தடவை சங்க ஆபீஸ் வராந்தாவுல பாய் விரிச்சுக் கெடப்பாங்க."

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அந்த ஆளின் பயம் எனக்குத் தெரியும். இத்தனை நாள் றெஜினாவை அலைக்கழித்தது எதுவோ, அதுவேதான் இப்போது அவளுக்குக் காவல் நின்றது. கடைசியில் றெஜினாவுக்கு நிலையாக இடம் கொடுத்து, இறக்குவதற்குக் கொல்லத்திலிருந்து கொண்டுவந்த ஒருத்தியின் பெயரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணையும் நினைத்துப்பார்க்கத்தான் செய்கிறேன். பலகையில் போன அதே நாளில் ஒரு டீம் அவளை எடுத்துக்கொண்டது.

உங்களுக்கு வரும் விதிகள் வேறு பெயரில் இருக்கும், வேறு எண்ணிக்கையில் இருக்கும். பயன்படுத்துங்கள், பயன்படுத்தாமல் டீம் நடத்த முடியாது. ஆனால் ஒரு பிள்ளையை இறக்குகிற அன்றே, வாசலில் வைத்தே, ஏன் என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவாள். கோபம் தோளை வீங்க வைப்பதில்லை.

அப்படி நிலையான இடத்தோடு ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை றெஜினா பாறசாலைச் சந்தைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ஒரு மக், சோப்புப் பெட்டி, துணி காயப்போடும் கயிறு, சுவரில் மாட்டும் ஒரு கண்ணாடி. முட்டியில் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்த ஓமனா வாளிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "ஓ, வீடு பால் காய்ச்சா?" என்று கேட்டாள்.

கண்ணாடி மாட்ட றெஜினா சுவரில் ஆணி வைத்து, அடிக்க ஒன்றும் கிடைக்காமல் செருப்பை எடுத்தாள். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வார்டன் மாடிப்படியிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். நான் கீழே போய், நெட் கட்டும் முளை அடிக்க வைத்திருந்த சுத்தியலை எடுத்து வந்து றெஜினாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடிக்கு ஒரு ஆணி அடித்தாள். வார்டனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கயிறு கட்டுவதற்கு இன்னும் இரண்டு அடித்தாள்.